சாம்பிராணிக் கரி விழுந்து கார்ப்பெட் எரிந்துவிட்டது. வாடகை வீடு, மூன்று வாரத்தில் காலி செய்ய வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் வாடகை வீட்டில் நான்கு வருடமாக இருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தேன். கடையில் வாங்கும் வட்டக் கரி, தீக்குச்சி காட்டினாலே பற்றிக்கொள்ளுமே, அதுதான். சரியாகப் பற்றுவதற்குள் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன் போலிருக்கிறது. படபடவென்று பொரிந்து, பாதியாக உடைந்து, ஒரு துண்டு கார்ப்பெட்டில் விழுந்தது. இடுக்கி எடுத்துவர ஓடினேன். திரும்பி வருவதற்குள் முடி பொசுங்குகிற நாற்றம் வீடு முழுக்க.

இப்போது நிலைமை இது. ஹால் நடுவில், சோபாவுக்கு முன்னால், பத்து பென்ஸ் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. மூன்று சென்டிமீட்டர் இருக்கும். குனிந்து பார்த்தால் அடியில் சாக்கு மாதிரி ஒன்று தெரிகிறது. ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு வளையம். அங்கே இழைகள் எரியவில்லை, நுனி மட்டும் கருகியிருக்கிறது. கார்ப்பெட் ஓட்ஸ் கஞ்சி நிறம். ஈரத்துணியால் துடைத்தேன், கறுப்பு இன்னும் பரவின மாதிரி இருக்கிறது.

என் கணவர் சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏழு மாதக் குழந்தை தவழ்கிற இடம் வேறு, அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. இதை நாமே சரிசெய்ய முடியுமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா? டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள்?

நூல்கண்டு:

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிது. முதலில் ஒன்று செய்யுங்கள். ஓட்டை வழியாக விரலை விட்டு அடியில் இருக்கும் அண்டர்லேயைத் தொட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது ஃபோம். வெளியே அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். இத்தனை நாள் ஆகிவிட்டதால் இப்போது பயமில்லை. ஆனாலும் அது எவ்வளவு எரிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

வெண்பனி:

எங்கள் வீட்டில் ஒருமுறை காபிக் கறை பட்டபோது பிளீச்சைத் தண்ணீரில் கலந்து துடைத்தேன், பளிச்சென்று போய்விட்டது. பழுப்பு வளையத்துக்கு அதைச் செய்து பாருங்களேன். ஐஸ் கட்டி வைத்தாலும் சரியாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

குரோய்டன் தரைக்காரன்:

தங்கச்சி, பிளீச் போத்தலைத் தொட வேண்டாம். ஈரத்துணியையும் எடுத்து வையுங்கோ. எரிஞ்ச இடத்தைத் தேய்க்கத் தேய்க்கக் கரிதான் உள்ள இறங்கும்.

நான் 22 வருசமா இங்க கார்ப்பெட் போடுற வேலை செய்யிறன். பிளீச் சொன்ன பிள்ளையில பிழை இல்லை. அவவின்ர வீட்டில இருந்தது பொலிப்ரோப்பிலீன் எண்ட பிளாஸ்டிக் இழையா இருந்திருக்கும், அதுக்குப் பிளீச் ஒண்டும் செய்யாது. ஆனால் நீங்கள் முடி பொசுங்கின மணம் எண்டு எழுதியிருக்கிறியள். அது கம்பளி மணம். கம்பளி இழையைப் பிளீச்சில போட்டால் கரைஞ்சே போகும். வளையத்தை எடுக்கப் போய் ஓட்டையைப் பெருசாக்கி விடுவியள். ஐஸ் கட்டி, மெழுகு சிந்தினால் இறுக வைச்சுச் சுரண்டவும், மேசைக்கால் அழுத்தின பள்ளத்துக்கும்தான் உதவும். எரிஞ்ச இழைக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லை.

மணத்தை மட்டும் நம்பி வேலை தொடங்கக்கூடாது. ஒரு சோதனை செய்யுங்கோ. கதவுக்குப் பின்னால மூலையில ரெண்டு மூண்டு இழை கத்தரிச்சு எடுங்கோ. ஒரு கிளாஸ் தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு துளி விட்டு, இழையை உள்ள அமத்தி, காத்து போகக் கசக்கி விடுங்கோ. மிதந்தால் பொலிப்ரோப்பிலீன். அடியில தாண்டு போனால் கம்பளி, நைலோன், பொலியெஸ்டர் மூண்டில ஒண்டு. பிறகு மற்ற இழையைப் புருவம் பிடுங்கிற இடுக்கியில பிடிச்சு, சிங்குக்கு மேல வைச்சு நெருப்புக் காட்டுங்கோ. கம்பளி நெருப்புக்கு விலகிச் சுருளும், நெருப்பை எடுத்தால் தானா அணையும், மிஞ்சிற கரியை விரலால நசுக்கினால் மாவாப் போகும். நைலோனும் பொலியெஸ்டரும் உருகிக் கல்லுமணி மாதிரி இறுகும். ஆறினாப் பிறகு தொடுங்கோ, உருகினது தோலில ஒட்டினால் பொல்லாதது.

இன்னும் ஒண்டு பார்த்துச் சொல்லுங்கோ. மேல இழை நுனி வெட்டி விட்ட மாதிரி நிக்குதா, இல்லாட்டி வளையம் வளையமா மடிஞ்சு இருக்குதா?

காவிரிக்கரை:

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொல்லித் தந்ததில்லை. செய்து பார்த்தேன். தண்ணீரில் மூழ்கிவிட்டது. நெருப்பில் சுருண்டு, அதே முடி நாற்றம். நசுக்கினால் பெரும்பாலும் பொடியாகிவிட்டது, ஆனால் நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒன்றிரண்டு கெட்டி மணி கையில் பட்டது. இழைகள் வெட்டி விட்ட மாதிரிதான் நிற்கின்றன, ஒவ்வொன்றும் முறுக்கிய திரி போல இருக்கிறது. அண்டர்லேயில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு. விரலால் அழுத்தினேன், ஓட்டை விழவில்லை.

குரோய்டன் தரைக்காரன்:

அந்தக் கடுகு மணிதான் பதில். அது 80/20. எண்பது வீதம் கம்பளி, இருபது நைலோன். இந்த ஊரில ட்விஸ்ட் பைல் எண்டு கனக்க வீடுகளில போடுறது அதைத்தான்.

உங்களுக்கு ஒரு நல்ல காலம் இருக்கு. கம்பளி லேசில பத்தாது, 570 பாகை செல்சியசுக்கு மேல சூடு வேணும். கரித்துண்டு கிடந்த இடம் மட்டும் கருகி அதோட நிண்டிட்டுது. அதே துண்டு பொலிப்ரோப்பிலீனில விழுந்திருந்தால், அது 165 பாகையிலேயே உருகிற சாமான், உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் தட்டு மாதிரி இறுகிப் போயிருக்கும். கனமான அலுமாரியை வேகமா இழுத்தாலே அந்த உராய்வுச் சூட்டில கோடு விழுகிற சாதி அது. நைலோன் கொஞ்சம் தாங்கும், எண்டாலும் பருத்திச் சூட்டில வைச்ச இஸ்திரிப்பெட்டி கவிண்டு விழுந்தால் அதுவும் இளகி ஒட்டும். உருகினதைச் சுத்தம் செய்யேலாது, வெட்டத்தான் வேணும். கம்பளியில நுனி கருகினதைக் காப்பாத்தலாம்.

வளையத்தை முதல் எடுங்கோ. நகம் வெட்டுற வளைஞ்ச சின்னக் கத்தரிக்கோல் போதும். கத்தரியைக் கிடையாப் பிடிச்சு, கருகின நுனியை மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல போகாமல், தடவித் தடவி எடுங்கோ. ஒரேயடியா வெட்டினால் பள்ளம் விழும், பகல் வெளிச்சம் சாய்வா வரேக்க அது காட்டிக் குடுக்கும். நடுவில நடுவில வாக்யூம் போடுங்கோ, இல்லாட்டி கரித்தூள் திரும்ப உள்ள போகும். பிறகு நைசான உப்புத்தாளால வட்டமா, பாரம் குடுக்காமல் ஒரு பத்துத் தரம் தடவினால் நுனி விரிஞ்சு பக்கத்து இழையோட கலக்கும். அதுக்குப் பிறகும் மஞ்சள் தெரிஞ்சால், இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரச் சோப்பு ரெண்டு துளி, வெள்ளை வினிகர் ஒரு கரண்டி கலந்து, வெள்ளைத் துணியால ஒத்தி ஒத்தி எடுங்கோ. தேய்க்க வேண்டாம்.

ஓட்டை வேற கதை. அதுக்குத் துண்டு போட வேணும். ஆனால் கத்தியை எடுக்க முதல் வீட்டு ஓனரிட்டக் கேளுங்கோ.

வாடகைவீடு:

தரைக்காரர் அண்ணன் கடைசியாகச் சொன்னதைத் தயவுசெய்து முதலில் செய்யுங்கள். டெபாசிட் தகராறுகளில் மாட்டிக்கொண்ட நண்பர்களுக்குக் கடிதம் எழுதித் தந்து எழுதித் தந்து எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம்.

சோபாவை இழுத்து மறைப்பது வேண்டாம். காலி செய்யும்போது இன்வென்டரி (வீட்டின் நிலையையும் சாமான்களையும் குறித்த பட்டியல்) பார்க்க வருபவர் சாமானெல்லாம் போன வெற்றுத் தரையைத்தான் பார்ப்பார், ஓட்டை முதல் பார்வையிலேயே தெரியும். மறைத்தவர் என்ற பெயர் வேறு வந்து சேரும். இன்றைக்கே படம் எடுத்து, எப்போது எப்படி நடந்தது என்று நான்கு வரியில் ஏஜென்டுக்கும் ஓனருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். சரிசெய்து தர விரும்புகிறோம், அனுமதி வேண்டும் என்றும் கேளுங்கள். அனுமதி இல்லாமல் வேறு இடத்திலிருந்து துண்டு வெட்டினால் ஒரு சேதம் இரண்டு சேதமாகிவிடும்.

இனி பணம். நடந்து நடந்து தேய்வது, வெயிலில் நிறம் மங்குவது எல்லாம் இயல்பான தேய்மானம், அதற்குப் பிடிக்கக்கூடாது. எரிந்த ஓட்டை அந்தக் கணக்கில் வராது, நீங்கள்தான் பொறுப்பு. அதற்காகப் பழைய கார்ப்பெட்டுக்குப் புதுக் கார்ப்பெட்டின் முழு விலையையும் உங்கள் தலையில் கட்டவும் முடியாது. உதாரணத்துக்கு, கார்ப்பெட் போட்டபோது 600 பவுண்ட், பத்து வருடம் உழைக்கும் தரம், போட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மூன்று வருட உழைப்பு. அதிகபட்சம் அந்த 180 பவுண்டைச் சுற்றித்தான் பேச்சு இருக்க வேண்டும். துண்டு போட்டே சரியாகிவிடும் என்றால் அதற்கான கூலி மட்டும்தான். ஆகவே கார்ப்பெட் எந்த வருடம் போட்டது, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் குடிவந்த நாளின் இன்வென்டரியை எடுத்து, ஹால் தரையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட வாடகை டெபாசிட்டை அரசு அனுமதித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில்தான் வைக்க வேண்டும். இப்போதைய விதிப்படி பணம் வாங்கிய 30 நாளுக்குள் வைத்து, உங்களுக்கு விவரம் தர வேண்டும். எந்தத் திட்டம் என்ற தாள் உங்களிடம் இருக்கும், தேடி எடுங்கள். தொகையில் ஒத்துவராவிட்டால் அவர்களே கட்டணம் இல்லாமல் தீர்த்து வைப்பார்கள். அது உங்கள் பணம். பிடிப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவர் ஓனர்தான்.

வீட்டுச் சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதையும் ஒருமுறை வாசியுங்கள். ஓனரின் பொருளுக்கு நேரும் தற்செயல் சேதத்துக்குச் சில பாலிசிகளில் இடம் இருக்கும். ஆனால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகை பழுதுச் செலவைவிட அதிகமாக இருந்தால் கேட்டுப் பயனில்லை.

காவிரிக்கரை:

வளையம் அனேகமாகப் போய்விட்டது! முக்கால் மணி நேரம் தரையில் குப்புறப் படுத்து நகக் கத்தரியால் எடுத்தேன். வினிகருக்குக்கூட அவசியம் வரவில்லை. குழந்தையை இவர் பார்த்துக்கொண்டார்.

மின்னஞ்சலும் அனுப்பினோம். அனுப்பும் வரைக்கும் வயிற்றைக் கலக்கியது. ஓனர் அம்மாவே போன் செய்தார். வயதானவர். குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். கார்ப்பெட் 2018-இல் போட்டதாம். போட்டவர்கள் மிச்சத் துண்டு ஒன்றைப் பாய்லர் அலமாரியில் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்களாம், அதை எடுத்து முயற்சி செய்யுங்கள் என்றார். நான்கு வருடமாக அந்த அலமாரியைத் திறந்து மூடுகிறேன், பின்னால் பழைய சாக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு முழத்துக்கு இருக்கிறது. அண்ணா, இனி எப்படி வெட்ட வேண்டும்?

குரோய்டன் தரைக்காரன்:

மிச்சத் துண்டு கிடைச்சது பெரிய காரியம். இல்லாட்டி பில்டின் அலுமாரிக்குள்ள, மூலையிலதான் எடுக்க வேண்டி வந்திருக்கும். ஒண்டு மட்டும் முதலே சொல்லிப் போடுறன். அலமாரிக்குள்ள இருந்த துண்டு வெளிச்சம் காணாதது, நிறம் ஒரு சொட்டு அதிகமாத் தெரியும். ஹாலை முதல் வடிவா வாக்யூம் செய்து போட்டுப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. பாதி வித்தியாசம் ஊத்தையாத்தான் இருக்கும்.

இப்ப எல்லாரும் பிழை விடுற இடம். கார்ப்பெட்டுக்கு ஒரு சாய்வு இருக்கு. உள்ளங்கையால ஒரு பக்கம் தடவினால் பூனை முதுகு மாதிரி வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரடாய்த் தடுக்கும். வழுக்கிற திசையைக் கண்டுபிடிச்சு, ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு காகித டேப் ஒட்டி அம்புக்குறி போடுங்கோ. மிச்சத் துண்டின்ர பின்பக்கத்திலயும் அதே மாதிரி போடுங்கோ. அம்பும் அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேணும். ட்விஸ்ட் பைலில சாய்வு மெல்லிசாத்தான் இருக்கும், ரெண்டு மூண்டு தரம் தடவிப் பாருங்கோ. மாறி வைச்சால் அதே கார்ப்பெட்தான், ஆனால் சன்னலில இருந்து பார்க்க நிழல் விழுந்த மாதிரி ஒரு பொட்டு எப்பவும் தெரியும். எத்தினையோ வீட்டில மற்றவை போட்ட துண்டைக் கழட்டித் திசை திருப்பி மட்டும் ஒட்டிக் குடுத்திருக்கிறன்.

ஓட்டை மூண்டு சென்ரிமீட்டர் எண்டால் ஐஞ்சு சென்ரிமீட்டர் வட்டமா வெட்டுவம், கருகின அடி முழுக்கப் போகட்டும். வட்டமா வெட்டுற கருவி கடையில விக்கிது, பிஸ்கட் வெட்டுற அச்சு மாதிரி, உள்ளுக்குப் பல்லு இருக்கும். அதை அமத்தித் திருகினால் சரி. அது இல்லாட்டி, வாய் அகலம் பொருந்துற டம்ளரைக் கவிட்டு அடையாளம் வைச்சு, புது அலகு போட்ட ஸ்டான்லி கத்தியால வெட்டுங்கோ. வெட்ட முதல் தலைக்கு வகிடு எடுக்கிற மாதிரி இழையைப் பிரிச்சு விட வேணும். கத்தி அடிச்சாக்கில மட்டும் ஓட வேணும், இழையை அறுக்கக்கூடாது. அண்டர்லேயையும் வெட்டக்கூடாது, அது கருகியிருந்தாலும் அப்பிடியே இருக்கட்டும். மிச்சத்துண்டில அதே அளவை வெட்டுங்கோ. ஒரு நூல் கூடினாலும் பரவாயில்லை, குறையக்கூடாது.

பசை போடாமல் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ. பொருந்தினால், ரெண்டு பக்கமும் ஒட்டுற கார்ப்பெட் டேப்பை ஓட்டைக்குள்ள விட்டு, விளிம்புக்கு அடியில ரெண்டு சென்ரிமீட்டர் போகிற மாதிரி எல்லாப் பக்கமும் ஒட்டுங்கோ. வெட்டின விளிம்பு ரெண்டிலயும் பால் மாதிரி இருக்கிற லேட்டக்ஸ் பசையை ஈர்க்கு நுனியால மெல்லிசாத் தடவுங்கோ. இழையில பட்டால் உடனை துடையுங்கோ. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், கல்லா இறுகிக் குழந்தையின்ர முழங்காலில குத்தும். துண்டை அம்பு பார்த்து வைச்சு அமத்தி, மேல பேக்கிங் காகிதம் போட்டு, பாரமான புத்தகம் நாலு அடுக்கி ஒரு இரவு விடுங்கோ. விடிய எடுத்து, பழைய பல் தேய்க்கிற பிரஷால சுத்திவர விளிம்பைக் கலைச்சு விடுங்கோ. மேல நிக்கிற ஒண்டு ரெண்டு இழையைக் கத்தரியுங்கோ, இழுக்காதேயுங்கோ.

வாசிக்கிற மற்றவைக்கு ஒரு சொல்லு. வளையம் வளையமா மடிஞ்ச லூப் கார்ப்பெட் எண்டால் இந்த வட்டத் துண்டு சரிவராது. ஒரு நூல் அறுந்தால் வரிசை முழுக்கக் கழண்டு வரும். அதுக்கு வரிசைக்கு இடையில சதுரமா வெட்ட வேணும், பழகின ஆளைக் கூப்பிடுங்கோ.

நூல்கண்டு:

பேச்சுக்கு நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் அம்மா சீராகக் கொடுத்த பவானி ஜமக்காளம் ஒன்று இருக்கிறது. ஊதுபத்தி விழுந்து சுண்டைக்காய் அளவுக்கு இரண்டு ஓட்டை. அதற்கும் துண்டுதானா?

ஈரோட்டுத் தறி:

அதுக்குத் துண்டு வைக்கக்கூடாதுங்க. ஜமக்காளத்துல கார்ப்பெட் மாதிரி மேல நிக்கிற இழையே கிடையாது. நீளவாட்டுல ஓடுற பாவுக்குள்ள குறுக்கால ஊடை நூலை நெருக்கி அடிச்சு நெய்யுறது, நிறம் தெரியறது எல்லாம் ஊடைதானுங்க. வீட்டுல அப்பா காலத்துல இருந்து குழித்தறி. ஜமக்காளம் பருத்தியிலயும் நெய்யுறாங்க, செயற்கைப் பட்டுலயும் நெய்யுறாங்க. அதனால உங்களுது செயற்கைப் பட்டுல நெய்ததா பருத்தியான்னு முதல்ல பாருங்க. பளபளன்னு இருந்தா செயற்கைப் பட்டு.

பருத்தின்னா இழை ஓட்டிக்கலாம். கருகின நூலை மட்டும் உதிர்த்துட்டு, மழுங்கின ஊசியில கெட்டிப் பருத்தி நூல் கோத்து, அறுந்த பாவு இழைக்குப் பதிலா முதல்ல நீளவாட்டுல ஓட்டுங்க. ஓட்டைக்கு வெளிய இரண்டு விரக்கடை தள்ளி ஆரம்பிச்சு அந்தப் பக்கமும் அதே அளவு போகணும். அப்புறம் அதே நிறத்து நூலைக் குறுக்கால, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு ஓட்டி, ஒவ்வொரு இழைக்கும் சீப்பால தட்டி நெருக்கிக்கங்க. இழுத்துக் கட்டாதீங்க, சுருங்கிரும். அம்மா குடுத்ததுன்னு சொல்றீங்க, பொறுமையாப் பண்ணுங்க.

காவிரிக்கரை:

முடிந்தது. சனிக்கிழமை ராத்திரி ஒட்டினோம், இவர்தான் வெட்டினார். டம்ளரை வைத்து அடையாளம் போட்டு, நான் சீப்பால் வகிடு எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் கத்தியை ஓட்டினார். முதல் துண்டை ஒரு இழை குறைவாக வெட்டி வீணாக்கிவிட்டோம். ஒரு முழம் இருந்ததால் பிழைத்தோம். மேலே அகராதியும் குழந்தையின் பொம்மைப் புத்தகங்களும் அடுக்கி வைத்தோம்.

காலையில் எடுத்துப் பார்த்தபோது வெளுப்பாக ஒரு நிலா மாதிரிதான் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது. பிரஷால் கலைத்துவிட்டு, நான்கு நாள் எல்லோரும் அதன் மேல் நடந்த பிறகு இப்போது இடம் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் படுகிறது. ஓனர் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். ஏஜென்ட் வந்து நேரில் பார்த்துவிட்டு, டெபாசிட்டில் கார்ப்பெட்டுக்கு எதுவும் பிடிக்கப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இனி சாம்பிராணிக் கரியைச் சமையலறையிலேயே வைத்து, மேலே சாம்பல் பூத்து வெளுத்த பிறகுதான் தூக்குவேன். தூபக்காலுக்கு அடியில் மணல் பரப்பிய எவர்சில்வர் தாம்பாளமும் வந்துவிட்டது. தரைக்காரர் அண்ணாவுக்கும் கணக்குச் சொல்லித் தந்த வாடகைவீடு அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த வாரம் வீட்டைக் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும். துண்டு போட்ட இடத்தில் வாக்யூம் போடலாமா அண்ணா?

குரோய்டன் தரைக்காரன்:

போடலாம் தங்கச்சி, ஆனால் சுழல்ற பிரஷை நிப்பாட்டிப் போட்டு, வெறும் குழாயால அம்பு பார்த்த பக்கமா இழுங்கோ. பசை நல்லா இறுகக் கொஞ்ச நாள் ஆகும். காலி செய்யிற நாளில சோபாவைத் தூக்கிக் கொண்டு போகச் சொல்லுங்கோ, அந்தத் துண்டுக்கு மேலால இழுக்க விடாதேயுங்கோ. ஆராவது கார்ப்பெட் கழுவுற மெஷின் கொண்டு வந்தால் அந்த இடத்தைக் காட்டி, சுடுதண்ணி ஆவி அதில படாமல் பார்க்கச் சொல்லுங்கோ.